வயிற்றுவலிச் சீட்டு

என் வயிற்றில் தழும்பு எதுவும் இல்லை. இருந்திருக்க வேண்டும். தொப்புளுக்கு மேலே ஒரு சாண் நீளம் கிழிப்பதாக நாள் குறித்து, மயிர் மழித்து, மஞ்சள் மருந்தும் தடவியாயிற்று. வயிற்றில் ஒரு நோயும் இல்லாதவனுக்கு இது எப்படி நேர்ந்தது என்று கேட்பவர்களிடம் இத்தனை நாளும் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிக்கொண்டிருந்தேன். இனி விழுங்குவதாக இல்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த வயதில் இதே பயத்தைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு திரிகிற பிள்ளைகள் நாலு பேர் படித்தாலும் எனக்குப் போதும்.

ஊர் உறுவையாறு. எங்களுக்கு நெல்லும் கரும்பும். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் நான் படித்ததெல்லாம் டீக்கடைப் பத்திரிகையும், ஜனங்கள் பேசுகிற பேச்சும்தான். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தங்கை அஞ்சலைக்கு மண்ணாடிப்பட்டுப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து வெற்றிலைபாக்கு மாற்றியிருந்தோம்.

ஆடி மாதம் கரும்புக்குச் சோகை உரித்துக்கொண்டிருந்தேன். காய்ந்த தோகையை அடியிலிருந்து உரித்து எடுக்கிற வேலை. ஆளுக்கு மேல் வளர்ந்த கரும்புக்குள் நடுப்பகலிலும் வெளிச்சம் மங்கல், காற்று சுத்தமாகக் கிடையாது. பத்து வயதிலிருந்து செய்கிற வேலைதான். அன்றைக்கு ஏழெட்டு வரிசைச் சால் தாண்டி உள்ளே போனதும் நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கத் தொடங்கியது. தொண்டை ஒட்டிக்கொண்டது. விரல் நுனியெல்லாம் மரத்தது. சாகப் போகிறேன் என்று தோன்றவில்லை. செத்துக்கொண்டே இருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டும் வேறு. சோகை முகத்தைக் கிழிக்கக் கிழிக்க வரப்புக்கு ஓடி வந்து விழுந்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. பாம்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் ஆற்றில் குளிக்கும்போது வந்தது. அதற்கடுத்த வாரம் வில்லியனூர் பஸ்ஸில். அப்புறம் அது வராத நேரத்திலும், எப்போது வருமோ என்று காத்துக்கொண்டிருப்பதே வேலையாகப் போயிற்று. கரும்புக் கொல்லைக்குப் போவதை விட்டேன், ஆற்றை விட்டேன், பஸ்ஸை விட்டேன். கடைசியில் வாசலைத் தாண்டுவதையும் விட்டேன். அம்மா மந்திரித்த கயிறு கட்டினாள். கயிற்றைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பக்கத்து ஊரில் ஒருவரைக் கை இரண்டையும் கட்டி மாட்டு வண்டியில் ஏற்றி, மதராஸில் பைத்தியத்துக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர் திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை.

என் தாய்மாமன் தணிகாசலம் எந்தச் சிக்கலுக்கும் வாயாலேயே வழி போடுகிற ஆள். அவர்தான் தீர்ப்புச் சொன்னார்.

“பேய்னு சொன்னா பூசாரி ஆயிரம் கேப்பான். பைத்தியம்னு சொன்னா ஊரே கேக்கும், அஞ்சலை கல்யாணம் அதோட சரி. வயித்து வலின்னு சொல்லு. ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்.”

அப்படித்தான் எனக்கு வயிற்று வலி வந்தது. மாமா அதோடு விடவில்லை. ஊரில் நிஜமாகவே வயிற்றுப் புண்ணால் அவதிப்பட்ட ஒரு பெரியவரிடம் போய், வலி எப்போது வரும், எங்கே இழுக்கும், எதைத் தின்றால் அடங்கும் என்று கேட்டு வந்து எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எரியும். பால் குடித்தால் தணியும். காரம் பட்டால் முதுகு வரை குத்தும். நான் ஒப்பித்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படி ஒப்பித்திருந்தால் உத்தியோகத்துக்கே போயிருப்பேன் என்று மாமா மெச்சிக்கொண்டார்.

நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் நல்ல மனிதராக இருந்துவிட்டார். சம்பந்தி வீட்டுப் பிள்ளை வயிற்று வலியில் சுருண்டு கிடக்கிறான் என்று கேள்விப்பட்டதும், தன் சொந்த வண்டியைப் பூட்டிக்கொண்டு மண்ணாடிப்பட்டிலிருந்து வந்து இறங்கினார். புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் கெட்டிக்கார சர்ஜன் இருக்கிறாராம். கூட்டிப்போயே தீருவேன் என்று நின்றார். மாமாவுக்கு வாயடைத்துப் போனதை அன்றுதான் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. வண்டியில் போர்வையைப் பல்லால் கடித்துக்கொண்டே போனேன். பாவம், வலி தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவர் மாட்டை மெதுவாக ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்தார்கள். நீள அறை, இரண்டு பக்கமும் கட்டில்கள், பினாயில் வாசனை. ஜன்னலுக்குப் பக்கத்துக் கட்டில் கிடைத்ததால் பிழைத்தேன். காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சர்ஜன் வயதானவர். பிரெஞ்சில் பேசுவார், கூட நிற்கிற கம்பவுண்டர் தமிழில் சொல்வார். அவர் கேட்க, இவர் சொல்ல, நான் ஒப்பிக்க, இவர் திருப்பிச் சொல்ல, என் பொய் இரண்டு பாஷையில் பளபளவென்று மின்னியது.

சோதனைகள் நடந்தன. மூக்கு வழியாக ரப்பர் குழாயை இரைப்பைக்குள் இறக்கி, உள்ளே ஊறுகிற புளிப்பு நீரை எடுத்துப் பார்த்தார்கள். குழாய் தொண்டையைத் தாண்டும்போது எனக்கு அது வந்துவிட்டது. நெஞ்சு, மூச்சு, விரல் எல்லாம். நான் துடித்த துடிப்பைப் பார்த்து நர்ஸம்மா, வலி கடுமைதான் என்று எழுதிக்கொண்டார். அப்புறம் பேரியம் என்று சுண்ணாம்புக் கூழ் மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தக் கூழ் போகிற பாதையெல்லாம் படத்தில் வெள்ளையாக விழுமாம், புண் இருந்தால் தனியாகத் தெரியுமாம். படத்தில் தெளிவாக எதுவும் விழவில்லை. ஆனால் பையன் சொல்வதெல்லாம் அச்சு அசல் புண்தான், முற்றிப்போய் ஓட்டை விழுந்தால் உயிருக்கு ஆபத்து, திறந்து பார்த்துவிடலாம் என்று சர்ஜன் முடிவு செய்தார். அவர்மேல் தப்பில்லை. நோயாளி சொல்வதை நம்புகிறவராக இருந்தார்.

அன்று சாயங்காலம் நடந்ததைத்தான் என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை. கம்பவுண்டர் வந்து வயிற்றுப் புண், ஆபரேஷன் என்று சொன்னதும் அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பயந்து அழுகிறாள் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் அழுதாள்.

“வயிறுதானாடா? வெறும் வயிறுதானா? இத்தினி நாளா நான் என்னென்னமோ நெனச்சிட்டனேடா” என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா வாய் திறந்து சிரித்ததை மாதக்கணக்கில் பார்த்திருக்கவில்லை. அன்று சிரித்தார். பொய்யைக் கட்டிய மாமாவே, “பாத்தியா, நான் அப்பவே சொன்னன் வயிறுன்னு” என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நம்பிச் சொன்னார். பெரிய டாக்டரே சொன்ன பிறகு எங்கள் வீட்டார் எல்லாரும் அந்தப் பொய்க்குள் குடியேறிவிட்டார்கள். வெளியே நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன்.

எதிர்க் கட்டிலில் காத்தவராயன் என்று கடற்கரைக் குப்பத்துக்காரர் இருந்தார். நிஜப் புண்ணுக்கு நிஜமாகவே அறுத்துத் தைத்து இரண்டு வாரம். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. கிழிஞ்ச படகுப் பாயைத் தெச்ச மாதிரி தெச்சிருக்கானுங்க, இனிமே காத்தடிச்சா நான் தனியாவே கடலுக்குப் போயிடுவேன் என்பார். நைனாவும் அம்மாவும் வெளியே போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

“டேய் கரும்பு. உனக்கு இன்னாடா ஒடம்புக்கு?”

“வயித்து வலி.”

“நாலு வருசம் வயித்து வலியோட குடுத்தனம் பண்ணவன்டா நானு. வலிக்கிறவன் வயித்தைப் புடிச்சிப்பான். நீ ஜன்னலைப் புடிச்சிக்கிற.”

ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அவர் தனக்கு வந்த ஆரஞ்சில் பாதியை உரித்து என் பக்கம் நீட்டினார்.

இரண்டு பயம் எனக்கு. கத்தி ஒன்று, மாட்டு வண்டியும் கயிறும் ஒன்று. எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசித்ததில் கத்தியே மேல் என்றுதான் பட்டது. அறுத்துவிட்டால் அஞ்சலை கல்யாணம் நடக்கும், அம்மா சிரிப்பாள். அப்புறம்? தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு கரும்புக்குள் அது மறுபடி வரும். அப்போது எதை அறுப்பார்கள்?

ஆபரேஷன் நாள் காலையில் ஆள் வந்து வயிற்றை மழித்தான். சில்லென்ற கத்தி தோலில் படும்போது எண்ணிக்கொண்டே இருந்தேன், நூறு வரைக்கும், திரும்பவும் நூறு வரைக்கும். மஞ்சள் மருந்தைத் தடவினார்கள். கம்பவுண்டர் சம்மதப் பத்திரத்தைக் கொண்டுவந்து நைனாவிடம் நீட்டினார். சர்ஜன் கட்டில் ஓரம் நின்றார். சம்பந்தியும் வந்திருந்தார். விடியற்காலையிலேயே வண்டி கட்டிப் புறப்பட்டிருக்கிறார், தோளில் துண்டு, கையில் சாத்துக்குடிப் பை. நைனா மெதுவாகத்தான் கையெழுத்துப் போடுவார். முதல் எழுத்தைப் போட்டார். இரண்டாவது எழுத்துக்குப் பேனாவைத் தூக்கினார்.

“நைனா. எனக்கு வயிறு வலிக்கவே இல்ல.”

என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நைனா பேனாவைத் தூக்கியபடியே பார்த்தார்.

“ஒருநாளும் வலிச்சதில்ல. பயமா இருக்குது. மூச்சு நின்னு போறாப்பல பயம் வருது. கரும்புக்குள்ள போனா வருது, பஸ்ஸுல வருது, இப்பகூட வந்துகினு இருக்குது. வயித்து வலின்னு நாம சொன்னது பொய்யி.”

சர்ஜன் கம்பவுண்டரைப் பார்த்தார். இதை நான் எப்படிச் சொல்றது என்று கம்பவுண்டர் தலையைச் சொறிந்தார். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கி, ஓங்கிய கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி பையைக் கட்டில் ஓரம் வைத்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் வண்டி புறப்படுகிற சத்தம் கேட்டது.

சர்ஜன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என் வயிற்றை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மதராஸுக்குத்தான் எழுதப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மாடியிலிருந்து ஒரு டாக்டரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

முப்பது வயது இருக்கும் அவருக்கு. நம் பக்கத்துத் தமிழ் பேசினார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை எந்த டாக்டரும் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. மதராஸுக்கு அனுப்புவீங்களா என்று முதலில் அதைத்தான் கேட்டேன். எதுக்கு, நீ பேசறது எனக்குப் புரியுதே என்றார்.

வீட்டில் என்ன வேலை செய்வாய் என்று கேட்டார். கரும்புக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினை நான்தான் ஓட்டுவேன் என்றேன். ஓடிக்கொண்டிருக்கும்போது பம்பிலிருந்து பெல்ட் கழன்றால் இன்ஜின் என்ன ஆகும் என்றார். பாரம் விட்டுப்போய்த் தறிகெட்டு வேகம் எடுக்கும், வெடித்துவிடுமோ என்று பக்கத்தில் இருப்பவன் ஓடுவான் என்றேன். இன்ஜின் கெட்டுப்போச்சா என்றார். இல்லை என்றேன். இதுவும் அப்படித்தான் என்றார். ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பு நெஞ்சை வேகமாக அடிக்க வைக்கிறது, மூச்சைக் கூட்டுகிறது. சில பேருக்கு ஆபத்து இல்லாதபோதே அது புறப்பட்டுவிடும். அதற்குப் பதற்ற நோய் என்று பெயர். சாகமாட்டாய். பைத்தியமும் ஆகமாட்டாய். மருந்து கொஞ்சம், பேச்சு நிறைய, பயிற்சி அதைவிட நிறைய. வியாழக்கிழமை தோறும் மத்தியானம் வா என்றார்.

வீட்டுக்கு வந்தோம். அந்த நாட்கள்தான் ஆஸ்பத்திரியைவிட மோசம். யாரும் திட்டவில்லை. திட்டினால் தேவலை. அஞ்சலை மட்டும் ஒருநாள் தட்டை வைத்துவிட்டு, “கல்யாணம் போனா போவுது. உன்னை அறுத்துட்டு நான் தாலி கட்டிக்கணுமா?” என்றாள். சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் போனாள். மண்ணாடிப்பட்டிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

முதல் வியாழக்கிழமை நைனா என்னை வண்டியில் கொண்டுபோய் விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதுகிறவர் வரிசையில் நிற்கிற நூறு பேர் காதிலும் விழுகிற மாதிரி, இன்னா ஒடம்புக்கு, இன்னா ஒடம்புக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. பின்னால் நின்றவர்களில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார். என் முறை வந்ததும் வாயில் வந்தது பழைய பாடம்தான். வயித்து வலி என்றேன். டாக்டரம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார். சிரிப்பார், இல்லை கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாசல்ல இப்படிக் கேட்டா யாரு நிஜம் சொல்லுவாங்க? சரி. வாசல்ல வயித்து வலின்னே சொல்லு. உள்ள வந்தப்புறம் எங்கிட்ட மட்டும் அதைச் சொல்லாத.”

வியாழன் மத்தியானம் வயிற்று வலி என்று தனியாக வந்து தயங்குகிற வயசுப் பிள்ளைகளை நேராகத் தன் அறைக்கு அனுப்பச் சொல்லி, சீட்டு எழுதுகிறவரிடமும் சொல்லிவைத்தார். எடை பார்க்கிற அறை அது. மத்தியானம் யாரும் வரமாட்டார்கள். கதவைச் சாத்திவிட்டுப் பேசலாம். அங்கே நான் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. அது அந்த அறையோடு இருக்கட்டும். பயிற்சியை மட்டும் சொல்கிறேன். முதல் வாரம் கரும்புக் கொல்லை வரப்பில் உட்கார வேண்டும், அது வந்தாலும் ஓடக் கூடாது, மூச்சை மெதுவாக விட்டபடி அது அடங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு சால் உள்ளே. அப்புறம் இரண்டு. அது வந்தது. ஒவ்வொரு முறையும் வந்தது. உட்கார்ந்திருந்தேன். நைனா வரப்பில் நின்று எதையோ பிடுங்குகிற மாதிரி பாவனை செய்துகொண்டு, “இருக்கியாடா?” என்று குரல் கொடுப்பார். “இருக்கேன் நைனா” என்பேன். அவர் என்னை மன்னித்தது அப்படித்தான்.

ஐந்தாவது சாலில் நான் உட்கார்ந்திருந்த ஒரு வியாழக்கிழமைக் காலையில் வண்டிச் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மண்ணாடிப்பட்டு வண்டி. வெற்றிலைபாக்கைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா உள்ளே போய்விட்டாள். வண்டியில் சம்பந்தியோடு அவருடைய மகள் இருந்தாள், மாப்பிள்ளையின் தங்கை கனகா. பதினேழு வயது. வெற்றிலைபாக்கு மாற்றிய அன்று எல்லாரையும் கேலி செய்துகொண்டிருந்த பெண். இப்போது கன்னம் ஒட்டி, கண் எங்கேயோ இருந்தது. ஆறு மாதமாகவே அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதாகச் சொன்னார். வெளியில் என்ன சொல்லியிருக்கீங்க என்று கேட்டேன்.

“அத்தை வூட்டுக்குப் போயிருக்கான்னு” என்றார். தரையைப் பார்த்தபடி, “ஆஸ்பத்திரியில விசாரிச்சேன், ஒரு டாக்டரம்மாகிட்ட போறியாமே. அவங்க என்னிக்குப் பாப்பாங்க தம்பி?” என்றார்.

இன்றைக்குத்தான் என்றேன். வண்டியில் நானும் ஏறினேன். போகும்போது, வாசலில் வயிற்று வலி என்றால் போதும் என்றேன். அவருக்கு இன்னொரு கவலை வந்தது. கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிற்று வலி என்று வாசலில் சொன்னால் ஊர் வேறு மாதிரி பேசுமே என்றார். எனக்கு அது தோன்றியே இருக்கவில்லை. தலைவலி என்று சொல்லலாம், நான் உள்ளே போய் விவரம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அன்றிலிருந்து அந்த அறைக்குத் தலைவலிச் சீட்டும் வந்தது.

அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கனகா சீட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

“உள்ள இன்னா செய்வாங்க? அறுப்பாங்களா?”

“கேப்பாங்க. நீ சொல்லணும். அவ்ளோதான்.”

“அதுக்குத்தான் பயமா இருக்குது.”

தைரியமாக இரு என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கே கை சில்லிட்டுத்தான் இருந்தது. கையை நீட்டிக் காட்டினேன், நடுங்குவதைப் பார்த்தாள். கூப்பிட்டார்கள். எழுந்து போனாள், கதவு சாத்திக்கொண்டது.

சம்பந்தி துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்கு நீ சொன்னப்ப நான் எழுந்து போயிட்டன். கோவம்னு நெனச்சிருப்பீங்க” என்றார். “வூட்டுக்குப் போயி அவ கதவைத் தட்டத்தான் போனேன் தம்பி. அவ தெறக்க இத்தினி நாளு ஆச்சி.”

உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் கனகாவின் குரல் தாழ்வாக, விட்டு விட்டுக் கேட்கத் தொடங்கியது. என்ன பேசுகிறாள் என்று புரிகிற தூரம்தான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெஞ்சை விட்டு எழுந்து, காதுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, வேப்பமரத்தடிக்கு வந்து நின்றுகொண்டோம்.